செவ்வாய்க்கிழமை வயிற்றுவலி

உங்கள் வீட்டுக் குழந்தைக்கு வயிற்றுவலி என்றால் என்ன செய்வீர்கள்? ஓமத்தைக் கொதிக்கவைத்துக் கொடுப்பீர்கள். பெருங்காயத்தைக் குழைத்துத் தொப்புளைச் சுற்றித் தடவுவீர்கள். அதற்கும் கேட்காவிட்டால் டாக்டரிடம் அழைத்துப் போவீர்கள். நானும் அந்த வரிசையில்தான் போனேன். காலண்டரைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

2023-ம் வருஷம் செப்டம்பர் மாதம் அமெரிக்காவில் நியூ ஜெர்ஸியில் இருக்கும் என் பெண் வீட்டுக்குப் போயிருந்தேன். டெலவேர் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் பிலடெல்பியா நகரம். பேரனுக்குப் பதினொரு வயசு. நல்ல சாப்பாட்டுப் பிரியன். நான் போன நாளிலிருந்து, "பாட்டி, இன்னிக்கு என்ன?" என்று கேட்டுக்கொண்டேதான் பள்ளிக்கூடத்திலிருந்து உள்ளே நுழைவான். அப்படிப்பட்ட பிள்ளை ஒரு நாள் தட்டை ஒதுக்கிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஸோபாவில் சுருண்டு படுத்தான். அன்று ஓமம். மறுவாரம் பெருங்காயம். மூன்றாம் முறை டாக்டர். அவர் வயிற்றை இங்கும் அங்கும் அமுக்கிப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்.

நான்காவது தடவை வலி வந்தபோது வீட்டில் கொலு வைத்திருந்தோம். சுண்டலுக்குக் கடலையை வடித்துக்கொண்டே ஐஸ்பெட்டி மேல் ஒட்டியிருந்த காலண்டரைத் தற்செயலாகப் பார்த்தேன். அக்டோபர் 17, செவ்வாய்க்கிழமை. அந்தக் கட்டத்தில் ஒரு சின்ன மத்தளப் படம் ஒட்டியிருந்தது. அதற்கு மேல் கட்டத்திலும் அதே படம். அதற்கு மேலும் அதே. செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்கு அவனுக்கு டிரம்ஸ் கிளாஸ்!

டிரம்ஸ் என்றால் ஏதோ பாண்டு வாத்தியம் என்று நினைத்துவிடாதீர்கள். இது ராக் சங்கீதம். எலெக்ட்ரிக் கிடார் இரண்டு, பாஸ் கிடார் ஒன்று, கீபோர்டு ஒன்று, பாடுவதற்கு ஒரு பெண், இவர்களுக்குப் பின்னால் மலைபோல அடுக்கிய டிரம்ஸுக்கு நடுவில் என் பேரன். குழந்தைகளைத் தனித்தனியாக உட்காரவைத்து ஸரளி வரிசை சொல்லிக்கொடுக்காமல், முதலிலிருந்தே ஐந்தாறு பேரை ஒரு கோஷ்டியாகச் சேர்த்து, முழுப் பாட்டையும் வாசிக்கவைத்து, இரண்டு மூன்று மாதத்தில் மேடையேற்றிவிடுகிறார்கள். இந்த முறை பெரிய அளவில் பரவியதே அந்த ஊர்ப் பக்கத்தில்தான். 1998-ல் பிலடெல்பியாவில் பால் கிரீன் என்பவர் இப்படி ஒரு ராக் பள்ளிக்கூடம் தொடங்கினார். இன்றைக்கு அதற்குப் பல தேசங்களில் நூற்றுக்கணக்கான கிளைகள். அதைப் பார்த்து வேறு பலரும் இதே மாதிரி நடத்துகிறார்கள். என் பேரன் போனது அப்படி வேறு ஒருவர் நடத்திய இடம். அதன் பெயர் நமக்கு வேண்டாம்.

எனக்கு இதில் ஒரு வேடிக்கை தோன்றியது. ராக் சங்கீதத்தில் பேர் போனவர்களில் பாதிப் பேர் வாத்தியார் என்றாலே ஓடினவர்கள். 'பீட்டில்ஸ்' கோஷ்டியின் பால் மக்கார்ட்னிக்கு ஸ்வரம் எழுதிய காகிதத்தைப் படிக்கத் தெரியாது. அவரே அதைச் சொல்லியிருக்கிறார். நண்பன் வீட்டிலும் மோட்டார் ஷெட்டிலும் காதால் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்ட சங்கீதம் இது. "எங்களைச் சும்மா விடுங்கள்" என்று பெரியவர்களைப் பார்த்துக் கத்துவதற்கென்றே பிறந்தது என்றுகூடச் சொல்லலாம். அதற்கும் இப்போது ஒரு வாத்தியார் வந்து, குழந்தைகளைப் பார்த்துக் கத்த ஆரம்பித்துவிட்டார்!

அன்று மாலை, "நானும் கிளாஸுக்கு வருகிறேன்" என்று புடவையை மாற்றிக்கொண்டு காரில் ஏறினேன். பேரன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். சந்தோஷமா, பயமா என்று எனக்குப் புரியவில்லை.

ஒரு கடைத்தெருவின் கோடியில் அந்தக் கட்டடம். உள்ளே நடுவில் பெரிய கண்ணாடி ஜன்னல். இந்தப் பக்கம் நாற்காலிகளில் தாய் தகப்பன்மார்; அந்தப் பக்கம் குழந்தைகள். கண்ணாடியைத் தாண்டியும் சத்தம் மாரை அடைத்தது. (நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன், உங்களில் யார் வீட்டுக் குழந்தையாவது டிரம்ஸ் அடித்தால் உபயோகப்படும். 85 டெஸிபெல் சத்தத்தை எட்டு மணி நேரம் வரை காது தாங்கலாம் என்று அந்த ஊர்ச் சுகாதார நிபுணர்கள் வரம்பு வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு மூன்று டெஸிபெல்லுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 100 டெஸிபெல் என்றால் கால் மணி நேரம்தான். காதில் வைக்கும் அடைப்பான் சொற்ப விலைக்குக் கிடைக்கிறது. வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.)

வாத்தியாருக்கு ஐம்பது வயசிருக்கும். நரைத்த தலைமயிரைப் பின்னால் முடிந்திருந்தார். கெட்டிக்காரர், சந்தேகமில்லை. ஒரு பையனின் கிடாரை வாங்கி அவர் இரண்டு நிமிஷம் வாசித்துக் காட்டினபோது, சங்கீதம் என்ன பாஷையில் இருந்தாலும் சங்கீதம்தான் என்று எனக்குத் தோன்றிற்று. அவர் காதிலிருந்து எதுவும் தப்பவில்லை. ஆறு வாத்தியம் ஒரே சமயத்தில் முழங்கும்போது எந்தக் குழந்தை எந்த இடத்தில் சறுக்கிற்று என்று பளிச்சென்று விரலை நீட்டினார். நீட்டியபின் நடந்ததுதான் வேறு.

அவர்கள் எடுத்துக்கொண்டிருந்தது 'பிங்க் ஃபிளாய்ட்' என்ற ஆங்கிலக் கோஷ்டியின் 1973-ம் வருஷத்துப் பாட்டு, 'மணி' என்று பெயர். கோயில் மணி இல்லை, பணம். ராக் பாட்டுகள் பெரும்பாலும் நாலு நாலாக எண்ணும் கணக்கில் ஓடும். இந்தப் பாட்டு ஏழில் ஓடுகிறது. நாலில் பழகின குழந்தைக்கு ஏழு முடிந்தவுடன் கை தானாக எட்டாவது அடியைப் போட்டுவிடும். என் பேரன் கை போட்டது.

"நிறுத்து!" என்று ஒரு கர்ஜனை. மறுபடி. மறுபடியும் எட்டு. நாலாவது முறை வாத்தியார் கையிலிருந்த காகிதக் கட்டைச் சுவரில் விட்டெறிந்தார். "ஏழு வரை எண்ணத் தெரியாதா உனக்கு? உங்கள் ஜனங்கள் கணக்கில் புலி என்பார்களே! தப்பான இந்தியனைப் பிடித்துவிட்டேன் போலிருக்கிறது!" என்றார். பிறகு மற்ற குழந்தைகளைப் பார்த்து, "இவன் புண்ணியத்தில் நீங்களெல்லாம் இன்னும் பத்துத் தடவை வாசியுங்கள்" என்றார்.

மற்ற குழந்தைகள் சிரித்தார்கள். பேரனும் சிரித்தான்.

நான் சொல்ல வந்ததே இந்தச் சிரிப்பைப் பற்றித்தான். திட்டு வாங்குகிற குழந்தை அழுதால் தாயாருக்குத் தெரிந்துவிடும். சிரித்தால் தெரியாது. பக்கத்து நாற்காலியில் என் பெண் கைப்பேசியில் ஆபீஸ் கடிதத்துக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தாள். எதிரில் இருந்த ஓர் அமெரிக்க அம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அவர் அப்படித்தான். ஆனால் கச்சேரி நாளன்று பாருங்கள், குழந்தைகள் எப்படி வாசிக்கிறார்கள் என்று!" என்று ஆறுதல் சொன்னாள். நான் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். டிரம்ஸ் குச்சியைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தளர்வாகப் பிடிக்க வேண்டும்; தோலில் பட்டதும் குச்சி தானே எகிறி மேலே வர வேண்டும்; அந்த எகிறலில்தான் வேகம் இருக்கிறது. இதை வீட்டில் எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான். இப்போது அவன் குச்சியை உலக்கை மாதிரி இறுக்கிப் பிடித்திருந்தான். தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தன. இறுக்கிய முஷ்டியில் குச்சி எப்படி எகிறும்? அடிக்கு அடி கை கனத்து, காலம் இழுத்துக்கொண்டு போயிற்று. காலம் இழுத்ததற்காக மறுபடியும் ஒரு கர்ஜனை.

வீட்டுக்கு வந்ததும் பேரன் மாடிக்குப் போய்விட்டான். நானும் பெண்ணும் அடுக்களையில்.

"அவனுக்கு வயிற்றுவலி எதனால் என்று தெரிந்துவிட்டதடி" என்றேன்.

அவளுக்கும் உள்ளூரத் தெரிந்துதான் இருக்க வேண்டும். பதில் தயாராக வைத்திருந்தாள். "அம்மா, அந்த வாத்தியார் சத்தம் போடுவார், வாஸ்தவம். ஆனால் அவர்கிட்டே ரெண்டு வருஷம் இருந்த குழந்தைகள் பெரியவங்க மாதிரி வாசிக்கிறதுகள். நாளைக்கு உத்தியோகத்திலே இவனை யாரும் திட்டமாட்டாளா? இப்பவே கொஞ்சம் தோல் தடிக்கட்டுமே. நீ மட்டும் என்ன, பதிமூணாம் வாய்ப்பாட்டுக்கு என்னைக் கரண்டியாலே அடிக்கலையா?"

அடித்தேன். மறுக்கவில்லை. கரண்டிக் காம்பால், முழங்கையில். அவள் அதை நாற்பது வருஷம் ஞாபகம் வைத்திருக்கிறாள் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பதிமூன்றாம் வாய்ப்பாடு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பதிமூணேழு..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். ஆனால் விவகாரம் தீரவில்லை.

அந்த வாரம் அவள் எனக்கு இரண்டு படம் போட்டுக் காட்டினாள், தன் கட்சிக்குச் சாட்சியாக. ஒன்று, 2005-ல் வந்த 'ராக் ஸ்கூல்'. நான் முன்பு சொன்ன பிலடெல்பியாப் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே காமிராவைக் கொண்டுபோய் எடுத்த நிஜப் படம். (2003-ல் ஜாக் பிளாக் நடித்த 'ஸ்கூல் ஆஃப் ராக்' வேறு, அது கதை, நல்ல தமாஷ்.) நிஜப் படத்தில் அந்த ஆசிரியர் குழந்தைகளைப் பார்த்துக் கூச்சல் போடுகிறார், நம் பத்திரிகையில் அச்சடிக்க முடியாத வார்த்தைகளெல்லாம் சரளமாக வருகின்றன. கடைசியில் அதே குழந்தைகள் ஜெர்மனியில் ஒரு விழாவில் ஃபிராங்க் ஸாப்பா என்பவருடைய மகா கஷ்டமான உருப்படிகளை வாசிக்கிறார்கள். அசந்துபோனேன், உண்மைதான். "பார்த்தியா?" என்றாள் என் பெண். பார்த்தேன். வாசிப்பு கைவராமல் தடுமாறும் ஒரு பையனும் அந்தப் படத்தில் வருகிறான். என் கண் அவன் மேல்தான் நின்றது.

இன்னொன்று 'விப்லாஷ்', 2014-ல் வந்தது. அது ராக் இல்லை, ஜாஸ். டிரம்ஸ் கற்க வரும் மாணவனை வாத்தியார் நாற்காலியை வீசி, கன்னத்தில் அறைந்து, பிராணனை எடுக்கிறார். அந்த வாத்தியாராக நடித்தவருக்கு ஆஸ்கார் பரிசு கிடைத்தது. படத்தை எடுத்தவரே நியூ ஜெர்ஸியில் ஓர் உயர்நிலைப் பள்ளி ஜாஸ் கோஷ்டியில் டிரம்ஸ் வாசித்துப் பயந்து நடுங்கினவராம். அந்த வாத்தியார் தம் கொடுமைக்கு ஒரு புராணம் சொல்கிறார். சார்லி பார்க்கர் இளைஞனாக ஸாக்ஸபோனில் தடுமாறியபோது டிரம்ஸ்காரர் ஜோ ஜோன்ஸ் வெண்கலத் தட்டைக் கழற்றி அவன் தலையைக் குறிவைத்து எறிந்தாராம். அந்த அவமானத்தில்தான் அவன் மகா வித்துவான் ஆனானாம்.

எனக்கு அந்தப் புராணத்தில் சந்தேகம் தட்டிற்று. பேரனை விட்டே தேடச் சொன்னேன். நடந்தது 1936-ல், கான்ஸஸ் நகரத்து கிளப் ஒன்றில். தட்டு தலைக்குப் போகவில்லை. காலடியில் தரையில் விழுந்தது. போதும், இறங்கு என்று அர்த்தம். அவமானம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மறுவருஷம் கோடையில் பார்க்கர் ஓஸார்க் மலைப்பக்கம் ஒரு கோஷ்டியோடு வாசிக்கப் போனபோது, லெஸ்டர் யங் என்ற வித்துவானின் இசைத்தட்டுகளைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டு, ஸ்வரம் ஸ்வரமாகப் பாடம் பண்ணியிருக்கிறான். அவனை வித்துவானாக்கியது வெண்கலத் தட்டா, இசைத்தட்டா? தட்டு தலைக்குப் பறந்தது என்று சொன்னால்தான் எறிகிறவர்களுக்குச் சௌகரியம்!

இதையெல்லாம் நான் வாதாடினபோது என் பெண், "அம்மா, நீ ஏன் இதிலே இவ்வளவு கோபப்படறே? சங்கீதமே உனக்குப் பிடிக்காதே. ஒரு நாளாவது நீ பாடி நான் கேட்டிருக்கேனா? எனக்குத் தாலாட்டுக்கூடப் பாடினதில்லைன்னு அப்பா சொல்வார்" என்றாள்.

அப்போதுதான் சொன்னேன். என் எழுபத்துமூன்றாவது வயதில், அவளிடம் முதல் முறையாக.

திருவல்லிக்கேணியில் எங்கள் வீட்டுக்குப் பாட்டு வாத்தியார் ஒருவர் வருவார். எட்டு வயதில் ஆரம்பித்தேன். ஸ்வரம் பிசகினால் தொடையில் கிள்ளுவார், பாவாடைக்கு மேலாகத்தான். ஆனாலும் மறுநாள் நீலம் பாரித்திருக்கும். அம்மாவிடம் காட்டினால், "வாத்தியார் கிள்ளினால்தான் வித்தை ஏறும்" என்பாள். அதையும் பொறுத்துக்கொண்டேன். எனக்குப் பாட்டுப் பிடித்திருந்தது. 1961-ல் நவராத்திரி ஐந்தாம் நாள், கொலுவுக்கு வந்த மாமிகள் இருபது பேர் எதிரில் என்னைப் பாடச் சொன்னார்கள். வர்ணத்தில் அனுபல்லவி தாண்டி ஓர் இடத்தில் தாளம் தப்பிற்று. வாத்தியார் தட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். "இந்தக் குரலுக்குத் தாளம் வேற ஒரு கேடா? சுண்டலை வாங்கிக்கொண்டு போங்கோ மாமி, இது வேலைக்காகாது" என்றார். மாமிகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாயைச் சுருட்டி வைத்தேன். அதற்குப் பிறகு நான் பாடவில்லை. வாத்தியார் வந்தால் எனக்கு வயிற்றுவலி வந்துவிடும். மூன்று மாதத்தில் அவரை நிறுத்திவிட்டார்கள்.

அவர் கெட்டவர் அல்ல. அவரிடம் என்னோடு கற்ற ஒரு பெண் பின்னால் வானொலியில் பாடினாள். அவருடைய கண்டிப்பைப் பற்றி ஊரில் பேசும்போதெல்லாம் அவளைத்தான் உதாரணம் காட்டுவார்கள். என்னை யார் காட்டுவார்கள்? பாடாமல் போனவர்களுக்குக் கணக்கு எது?

என் பெண் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "மாமிகள் யாரும் ஒண்ணும் சொல்லலையா?" என்று கேட்டாள். சொல்லவில்லை. சுண்டலை வாங்கிக்கொண்டு போனார்கள்.

ராக் சங்கீதத்திலும் இப்படிப்பட்ட தகப்பன்மார் இருந்திருக்கிறார்கள். கலிபோர்னியாவின் 'பீச் பாய்ஸ்' கோஷ்டியில் அண்ணன் தம்பி மூவர். அவர்களுக்குத் தகப்பனாரே நிர்வாகி. அடி உதைக்குப் பேர் போனவர். பிள்ளைகள் அவரை 1964-ல் அந்தப் பொறுப்பிலிருந்து நீக்கினார்கள். அப்படியும் 1965-ல் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்து, பெரியவன் பிரையனை எல்லார் எதிரிலும் அவர் குதறி எடுத்தது நாடாவில் அப்படியே பதிவாகி இருக்கிறது. மைக்கேல் ஜாக்ஸன் 1993-ல் டெலிவிஷன் பேட்டியில், தகப்பனாரைக் கண்டாலே தமக்கு வாந்தி வந்துவிடும் என்று சொன்னார். "அதனால்தான் அவர்கள் பெரிய ஆட்கள் ஆனார்கள்" என்பவர்களுக்கு நான் ஒன்று கேட்கிறேன். உங்கள் பிள்ளை மைக்கேல் ஜாக்ஸன் ஆகிறான் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவன் உங்களைக் கண்டால் வாந்தி எடுக்க வேண்டுமா?

சனிக்கிழமை காலை பேரன் கீழ் அறையில் டிரம்ஸ் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தான். குச்சி மடியில் கிடந்தது. "எண்ணினா ஏழு வரது பாட்டி. அடிச்சா எட்டு ஆயிடறது" என்றான்.

எனக்குச் சட்டென்று ஒன்று நினைவு வந்தது. திரிபுட தாளம்! ஸப்த தாள அலங்காரத்தில் ஒவ்வொரு குழந்தையும் கற்பது. ஒரு தட்டு, இரண்டு விரல்; தட்டு, வீச்சு; தட்டு, வீச்சு. மொத்தம் ஏழு. "எண்ணாதே கண்ணா. கையைப் பார்" என்று போட்டுக் காட்டினேன். பார்த்தான். அவனும் தொடையில் போட்டான். இரண்டு சுற்று சரியாக வந்தது, மூன்றாவதில் தடுமாறிற்று. "அதுக்குப் பாட்டு ஏதாவது இருக்கா?" என்றான்.

இருக்கிறது. "ஸரிக ஸரி கம" என்று ஆரம்பிக்கும். வெறும் ஸ்வரம்தான். வாயால் சொன்னாலே போதும், பாட வேண்டிய அவசியமில்லை. அப்படித்தான் சொல்லத் தொடங்கினேன். இரண்டாவது வரியில், எப்படி என்று எனக்கே தெரியாது, சொன்னது பாட்டாகிவிட்டது. குரல் கரகரவென்று வந்தது. மேல் ஸ்தாயிக்குப் போனபோது உடைந்தும் போயிற்று. நிறுத்திவிட்டேன்.

"ஏன் நிறுத்தினே? நன்னாத்தான் இருக்கு. இன்னும் மெதுவா பாடு" என்றான் அவன். அவன் கால் பாஸ் டிரம்மின் மிதிப்பானில் இருந்தது. ஸரிக ஸரி கம. ரிகம ரிக மப. அரைமணி நேரம் பாடியிருப்பேன். மாடிப்படியில் என் பெண் நின்றுகொண்டிருந்தாள் என்று பின்னால்தான் தெரிந்தது. அவள் கீழே வரவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டு, வாத்தியாரோடு தனியாகப் பேசப் போனாள். சுமுகமாக முடியவில்லை. முப்பது வருஷமாக ஒருவரும் குறை சொன்னதில்லை என்றாராம் அவர். குறை சொல்கிறவர்கள் ஏன் இருக்கப் போகிறார்கள், பேசாமல் நின்றுவிட்டிருப்பார்கள். "உங்கள் ஜனங்கள்" என்ற பேச்சுக்கு மட்டும் வருத்தம் தெரிவித்தார். என் பெண் அதோடு விடவில்லை. அதே இடத்தில் வியாழக்கிழமை கோஷ்டிக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒரு பெண்மணியிடம் இவனை மாற்றினாள்.

அந்தப் பெண்மணி கொஞ்சுகிறவள் என்று நினைத்தீர்களானால் தப்பு. ஒரே எட்டு வரியை இருபத்திரண்டு தடவை வாசிக்கவைத்ததை நான் எண்ணினேன். சரியில்லாததைச் சரியென்று ஒரு தடவையாவது சொல்லவேண்டுமே, இல்லை. ஆனால் அவள் சொன்னது அடியைப் பற்றி. அடித்தவனைப் பற்றி அல்ல. இவன் எட்டு போட்டபோது, "சரி, எட்டாகவே நாலு சுற்று அடி, எனக்குக் கேட்கட்டும். இப்போது கடைசியை மட்டும் விழுங்கு" என்றாள். வேகத்தை நிமிஷத்துக்கு அறுபது அடியாகக் குறைத்து, வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாள். குச்சியைப் பிடித்திருந்த அவன் விரலை ஒவ்வொன்றாகத் தளர்த்திவிட்டாள். அவளும் 'மணி'யையே எடுத்துக்கொண்டாள், இவன்தான் கேட்டானாம். பழைய கோஷ்டியிலிருந்த பாஸ் கிடார் பெண்ணும் மாறி வந்துவிட்டது. மற்ற குழந்தைகள் அங்கேயே இருக்கிறார்கள். நன்றாகவும் வாசிக்கிறார்கள். அவர்களில் யாருக்கு என்றைக்கு வயிறு வலிக்கிறது என்று எனக்குத் தெரியாது.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை கச்சேரி. அந்தப் பாட்டில் நடுவில் கிடார் தனியாக வாசிக்கும் கட்டம் நாலில் போகும். முடிந்ததும் மறுபடி ஏழுக்குத் திரும்ப வேண்டும். மலையிறங்கும் வண்டி கியர் மாற்றுகிற மாதிரி, ஆபத்தான இடம். நான் மடியில் கையை மறைத்துவைத்துக்கொண்டு திரிபுடம் போட்டுக்கொண்டிருந்தேன். திரும்புகிற இடத்தில் அவன் கை எட்டாவது அடியைப் போட்டது. எனக்கு மூச்சு நின்றுவிட்டது. அவன் நிறுத்தவில்லை. தலையைத் தூக்கினான், பாஸ் கிடார் பெண்ணின் காலைப் பார்த்தான், ஒரு சுற்று விட்டுக் கொடுத்து, அடுத்த சுற்றில் ஏறிக்கொண்டான். தோள் இறங்கித்தான் இருந்தது.

வெளியே பனி தூறிக்கொண்டிருந்தது. காரில் ஏறியதும், "பாட்டி, ஒரு இடத்திலே எட்டு ஆயிடுத்து. உனக்குக் கேட்டுதா?" என்றான்.

"கேட்டுது" என்றேன்.

"எனக்கும் கேட்டுது" என்றான். பிறகு என் கைப்பையை எட்டிப் பிடித்து, "பசிக்கறது. அதுலே என்ன வெச்சிருக்கே?" என்றான். மிளகாய்ப்பொடி தடவின இட்லி ஆறு வைத்திருந்தேன். பாலம் வருவதற்குள் தீர்ந்துவிட்டது.